மிளகுக் கிடங்குக்குள் கலை: கொச்சி பினாலேவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சீன வலைகளுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே மூணாறுக்கோ ஆலப்புழைக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்த வலைகளிலிருந்து நடக்கிற தூரத்தில், கல்வத்தி சாலையின் நீர்ப்பக்கமாக, மிளகும் இஞ்சியும் தேங்காய் எண்ணெயும் ஏற்றுமதியான பழைய பண்டகசாலைகள் நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, டிசம்பரில் தொடங்கி மார்ச் இறுதி வரை, அவற்றின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறக்கும். உள்ளே பல நாடுகளிலிருந்து வந்த கலைஞர்களின் படைப்புகள் இருக்கும். கொச்சி-முசிறிஸ் பினாலே என்று அதற்குப் பெயர்.

முதல் பதிப்பு 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. கேரளத்தில் பிறந்து மும்பையில் வேலை செய்துவந்த ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று ஆரம்பித்தார்கள். பெயரில் உள்ள முசிறி, யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு சொல்லும் அதே முசிறிதான். பெரியாற்றில் 1341-இல் வந்த பெருவெள்ளம் அந்தப் பழைய துறையைத் தூர்த்துக் கொச்சிக்கு வழி திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆகவே, கண்காட்சி நடக்கிற இடமும் கண்காட்சியின் பெயரும் மிளகு வணிகத்தோடு பிணைந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் பாதிப் புதிர் வாசலிலேயே அவிழும்.

முதல்முறை போகிறவர்களுக்கு இருக்கிற பெரிய தயக்கம் எனக்குத் தெரியும்: ‘நவீன ஓவியமெல்லாம் நமக்குப் புரியாதே.’ வெள்ளைச் சுவரும் குளிர்சாதனமும் உள்ள காட்சிக்கூடத்தில் அந்தத் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. அங்கே படைப்பு தனித்து நிற்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பழைய கட்டடத்தில் நிலைமை வேறு. பல கலைஞர்கள் முன்கூட்டியே கொச்சிக்கு வந்து, கிடங்கைச் சுற்றிப் பார்த்து, அந்தச் சுவரையும் அந்த ஜன்னலையும் அந்தக் கடலையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். எனவே பார்வையாளருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இது ஏன் இந்த அறையில் இருக்கிறது? கலை வரலாறு தெரியாதவரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கீழே வருகிற எல்லா யோசனைகளும் இதைச் சுற்றியே அமைந்தவை.

முதலில் தேதியைப் பாருங்கள்

பினாலே என்றால் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று பொருள். நடைமுறை அப்படியில்லை. 2018-19-க்குப் பிறகு கொரோனாவால் இடைவெளி விழுந்து, அடுத்தது 2022 இறுதியில்தான் நடந்தது. ஆறாவது பதிப்பு 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் பினாலே உண்டா என்று பார்க்காதீர்கள், வரிசையை மாற்றுங்கள்.

நடக்கிற ஆண்டிலும் முதல் இரண்டு வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. பழைய கட்டடங்களில் மின்கம்பி இழுப்பதும், கூரை ஒழுகலை அடைப்பதும், துறைமுகத்திலிருந்து பெட்டிகள் வந்து சேர்வதும் சொன்ன நேரத்தில் முடிகிற காரியங்கள் அல்ல. 2022-இல் டிசம்பர் 12-இல் திறக்க வேண்டிய முக்கியக் காட்சிகள் டிசம்பர் 23-க்குத் தள்ளிப்போயின. ஏற்பாட்டாளர்களைத் திட்டுவதைவிடப் பொங்கல் கழித்துப் போவது சுலபம்.

டிசம்பர் 31-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று நள்ளிரவில், இந்தக் கிடங்குகள் இருக்கும் ஃபோர்ட் கொச்சிப் பகுதியில் கார்னிவல்; பாப்பாஞ்ஞி என்ற பிரம்மாண்டமான கிழவர் உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்பார்கள். பார்க்க வேண்டிய விழாதான். ஆனால் அந்த ஓரிரு நாளில் தெருக்களில் நடக்கவே இடமிருக்காது, சாலைகளை மூடுவார்கள், படகுத் துறையில் வரிசை நீளும், அறை வாடகை ஏறும். விழாவுக்குப் போகிறவர் விழாவுக்குப் போகட்டும். கலை பார்க்கப் போகிறவர் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் போகட்டும். மார்ச்சில் கூட்டம் குறையும், புழுக்கம் கூடும். கிடங்குகளில் காற்றாடியே எல்லா இடத்திலும் இருக்காது.

கிழமையும் முக்கியம். ஃபோர்ட் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் உள்ள அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. அதன் பக்கத்திலுள்ள பரதேசி யூத ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளிக்கிழமையும் நம்ப முடியாது. வெள்ளி, சனி இரண்டு நாளுக்கு மட்டும் வருகிறவர் இரண்டையும் கோட்டைவிட வாய்ப்பு அதிகம். ஞாயிறு, திங்கள் என்று அமைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் வழியாகப் போங்கள்

சென்னையிலிருந்து ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வந்தால் எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கலாம். திருவனந்தபுரம் மெயிலில் வந்தால் எர்ணாகுளம் டவுன். கோவையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். பகல் ரயில்களே போதும். எங்கே இறங்கினாலும் அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போக மூன்று வழி. தோப்பும்படி சுற்றிப் போகிற பஸ் அல்லது ஆட்டோ ஒன்று. எர்ணாகுளம் படகுத் துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு இரண்டாவது; சில்லறைக் காசில் முடிந்துவிடும் பயணம். மூன்றாவது உயர் நீதிமன்றத் துறையிலிருந்து புறப்படும் வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்த மின்படகுச் சேவை மறு ஆண்டு ஃபோர்ட் கொச்சிக்கும் வந்தது. படகைவிடக் கட்டணம் கூடுதல், ஆனால் குளிர்சாதனம் உண்டு. மிதவைத் துறையும் படகும் ஒரே மட்டத்தில் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களையும் சக்கர நாற்காலியையும் ஏற்றிச் செல்வது எளிது.

நான் நீர்வழியைச் சிபாரிசு செய்வது காற்றுக்காக மட்டும் இல்லை. இந்தக் கட்டடங்களுக்கு முகம் தண்ணீரைப் பார்த்துத்தான். வள்ளங்கள் வந்து நிற்க ஒரு துறை, மூட்டை இறக்க ஒரு முற்றம், பின்னால் கிடங்கு என்று கட்டியிருக்கிறார்கள். சாலைப் பக்கமாக வந்தால் நீங்கள் பார்ப்பது அவற்றின் முதுகு. படகின் வலதோ இடதோ, ஜன்னல் பக்கம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, கரை நெருங்கும்போது வரிசையாக வரும் ஓட்டுக் கூரைகளைக் கவனியுங்கள். மறுநாள் உள்ளே போகும்போது எந்தக் கதவு எதற்கு என்று தானாக விளங்கும்.

ஃபோர்ட் கொச்சியின் கமாலக்கடவில் இறங்கினால், பினாலேவின் முக்கிய இடங்களில் ஒன்றான ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிக வளாகம் நடக்கிற தூரம். எதிர்க்கரையில் உள்ள வைப்பின் தீவிலிருந்து வருகிறவர்களுக்கு வண்டியோடு ஏற்றிச்செல்லும் ஜங்கார் இருக்கிறது.

தங்குவதற்கு ஃபோர்ட் கொச்சியில் வீட்டோடு சேர்ந்த விடுதிகள் நிறைய. பினாலே மாதங்களில் வாரக் கடைசிக்கு முன்பதிவு இல்லாமல் வராதீர்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் எர்ணாகுளத்தில் தங்கிப் படகில் போய்வரலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே துறையில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டும் வரைபடமும்

கடந்த பதிப்புகளில் ஒரு நாள் டிக்கெட் நூறு, நூற்றைம்பது ரூபாய் என்ற அளவில் இருந்தது. மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை உண்டு, சில பதிப்புகளில் திங்கட்கிழமை இலவசமாகவும் விட்டார்கள். நேரம் பொதுவாகக் காலை பத்து முதல் மாலை ஆறு. வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: இதே டிக்கெட்டில் எந்தெந்த இடங்களுக்குப் போகலாம், வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே வரலாமா? பதிப்புக்குப் பதிப்பு விதி மாறுகிறது.

வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இடங்களின் பட்டியலும் ஒவ்வொரு முறையும் மாறும். பழைய பயணக் குறிப்புகளில் படித்துவிட்டு ‘இங்கேதான் நடக்கும்’ என்று ஒரு பூட்டிய கிடங்கின் முன்னால் நிற்பவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். உரிமையாளர் கொடுத்தால்தான் கட்டடம்; கொடுக்காத ஆண்டில் அது மறுபடி வெறும் கிடங்கு.

மாணவர் பினாலே என்று ஒன்று இணையாக நடக்கும். நாடெங்கும் உள்ள கலைக் கல்லூரி மாணவர்களின் வேலை. பெரும்பாலும் மட்டாஞ்சேரிப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இருக்கும். பெரிய பெயர்களைத் தேடி ஓடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் பல முறை அதிக நேரம் போயிருக்கிறது.

ஒரே நாளில் எல்லாம் என்ற ஆசையை விடுங்கள்

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஆஸ்பின்வால் வளாகமோ அந்தப் பதிப்பின் முதன்மை இடமோ எதுவோ அதையும், அருகிலுள்ள பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கிடங்கையும் மட்டும் பாருங்கள். இரண்டு நாள் இருந்தால் இரண்டாம் நாளை மட்டாஞ்சேரிக்குக் கொடுங்கள். இருபது இடத்தின் பெயரையும் டிக் அடித்துக்கொண்டே ஆட்டோவில் பறக்கிறவருக்கு மாலையில் நினைவிருப்பது ஆட்டோக் கட்டணம் மட்டும்தான்.

நாலைந்து படைப்புகளுக்கு முன்னால் பதினைந்து நிமிடம் செலவழிப்பது என் கணக்கு. மற்றவற்றை நடந்தபடி பார்த்துக்கொண்டு போகலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. எது பிடிக்கவில்லையோ அதைத் தாண்டிப் போகிற உரிமையும் டிக்கெட்டோடு சேர்ந்ததே.

காலை பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். பன்னிரண்டரை வரை பார்த்துவிட்டு வெயில் நேரத்தில் சாப்பாடு, ஓய்வு. மூன்றரைக்கு மேல் மறுபடி. சாய்ந்த வெயில் மேற்கு ஜன்னல் வழியாகக் கிடங்குக்குள் நுழைகிற நேரம் அது. காலையில் மந்தமாகத் தெரிந்த படைப்பு அப்போது வேறு மாதிரி இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கூரையைப் பாருங்கள்

அறைக்குள் போனவுடன் நேராகப் படைப்பை நோக்கி நடக்காதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று கூரை, சுவர், தரை, ஜன்னல் என்ற வரிசையில் பாருங்கள். இருட்டுக்குக் கண் பழகவும் இந்த நேரம் வேண்டும்.

கூரையில் பெரும்பாலும் மரச் சட்டங்களும் சுட்ட ஓடும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மேற்குக் கரை முழுக்கப் பரவிய தட்டை ஓடு இது. நடுவே இரண்டொரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். மின்விளக்கு இல்லாத காலத்தில் மூட்டை எண்ண வெளிச்சம் வந்த வழி அதுதான். இன்று அந்த ஒளிச் சதுரம் ஒரு சிற்பத்தின் மேல் விழும்படி வைத்திருக்கிறார்களா, அல்லது கறுப்புத் துணி போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டுமே யாரோ யோசித்து எடுத்த முடிவு.

சுவர்கள் தடிமனானவை. காரை உதிர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் சிவந்த செம்புரைக்கல் தெரியும். ஒரு சுவரிலேயே வெவ்வேறு காலத்துச் சுண்ணாம்பு, பெயிண்ட், ஆணி அடித்த துளை, மூடப்பட்ட ஜன்னலின் தடம் எல்லாம் இருக்கும். இவற்றைப் பூசி மறைக்காமல் விட்டிருப்பதை அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. தரையில் மூட்டை இழுத்த தேய்மானம், எடைக்கல் வைத்த பள்ளம் போன்றவை கண்ணில் படலாம். மூக்கையும் பயன்படுத்துங்கள்: மட்டாஞ்சேரிக் கிடங்குகள் சிலவற்றில் சுக்கு, மிளகு வாசனை இன்னும் போகவில்லை. பக்கத்துக் கிடங்கில் வியாபாரம் நடந்துகொண்டிருப்பதும் ஒரு காரணம்.

கட்டடத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது. ஆஸ்பின்வால் நிறுவனத்தை ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வணிகர் 1867-இல் தொடங்கினார். தேங்காய் எண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள் என்று ஆரம்பித்துப் பின்னாளில் கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் வரை போன வணிகம். அலுவலக பங்களா ஒரு பக்கம், நீளமான கிடங்குகள் ஒரு பக்கம், நடுவே வெளி, முன்னால் கடல் என்று அது ஒரு சிறிய ஊர். பெப்பர் ஹவுஸ் அதைவிட அடக்கமானது: தண்ணீரோரம் ஒரு கட்டடம், சாலையோரம் ஒரு கட்டடம், இடையில் பரந்த முற்றம், மேலே ஓட்டுக் கூரை. பரேடு மைதானத்தை ஒட்டிய டேவிட் ஹால் டச்சுக்காரர் காலத்தது. 1695 வாக்கில் கட்டப்பட்டது என்கிறார்கள். மலபார்த் தாவரங்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகத் தொகுக்கச் செய்த டச்சு ஆளுநர் வான் ரீட் பெயரோடு அதை இணைத்துச் சொல்வது வழக்கம். பின்னால் அங்கே குடியிருந்த டேவிட் கோடர் என்ற யூத வணிகரின் பெயரே நிலைத்துவிட்டது. கப்ரால் யார்டு என்ற திறந்தவெளிக்கு 1500-இல் கொச்சிக்கு வந்த போர்த்துகீசியத் தளபதியின் பெயர். போர்த்துகீசியர், 1663-க்குப் பின் டச்சுக்காரர், 1795-க்குப் பின் ஆங்கிலேயர்; மூவருக்கும் வேண்டியிருந்தது ஒரே சரக்கு.

பிறகு படைப்பு

இனி ‘இது ஏன் இந்த அறையில் இருக்கிறது?’ என்ற அந்தக் கேள்விக்கு வரலாம். கடந்த பதிப்புகளிலிருந்து சில உதாரணங்கள் சொன்னால் கேள்வி எப்படி வேலை செய்கிறது என்று புரியும்.

2012-இல் விவான் சுந்தரம் பட்டணம் அகழாய்விலிருந்து கழித்துவைக்கப்பட்ட பானை ஓடுகளைக் கொண்டுவந்து, தரையில் ஒரு பாழடைந்த நகரத்தையே பரப்பினார். பட்டணம் என்பது பண்டைய முசிறி இருந்த இடமாகப் பலர் கருதும் ஊர். கொச்சிக்கு வடக்கே இருக்கிறது. வேறு ஊரில் அந்த ஓடுகள் தொல்லியல் பொருட்கள். முசிறியின் இடத்தைப் பிடித்த துறைமுகத்தின் கிடங்கில், பழைய நகரம் புதிய நகரத்தின் தரையில் வந்து உட்கார்ந்தது போல் ஆயிற்று.

2014-இல் அனிஷ் கபூர் ஆஸ்பின்வாலின் கடலோர அறை ஒன்றில் தரையைத் தோண்டி நீர்ச்சுழி ஒன்றை வைத்தார். கறுத்த நீர் இரைச்சலோடு ஓயாமல் சுழன்று நடுவில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவர்கள் சற்று நேரம் பேச்சற்று நிற்பார்கள். வெளியே சில அடி தூரத்தில் கொச்சி முகத்துவாரம், கப்பல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த ஆண்டு கண்காட்சியைத் தொகுத்த ஜிதிஷ் கலாட், பதினான்காம் நூற்றாண்டு தொடங்கிய கேரள வானியல் கணிதத்தையும் கடற்பயணங்களையும் கருவாக எடுத்திருந்தார். பூமியின் வயிற்றுக்குள் ஒரு கடல் என்ற எண்ணம் அந்த இடத்தில் எடுபட்ட அளவுக்கு, கடலில்லாத ஊரின் அரங்கத்தில் எடுபட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

2016-இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீத்தா ஒரு பெரிய கிடங்கு முழுவதும் கடல்நீரை நிரப்பிவிட்டார். பார்க்க வேண்டும் என்றால் செருப்பைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டி, நீரில் இறங்கி நடக்க வேண்டும். இரு பக்கச் சுவரிலும் துணிகளில் சின்னச் சின்னக் கேள்விகள். தூரத்துச் சுவரில் ஒரு கவிதை: 2015-இல் கடலில் மூழ்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் அண்ணன் காலிப்பைப் பற்றியது. தம்பி கரையில் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. அண்ணனுக்குப் படம்கூட இல்லை. கவிதையைப் படிக்க நீங்கள் தண்ணீரைக் கடந்தே ஆக வேண்டும், படித்துவிட்டு அதே தண்ணீரைக் கடந்தே திரும்ப வேண்டும். பணக்காரக் கப்பல்கள் சரக்கு ஏற்றிய கரையில், படகு கவிழ்ந்து செத்தவர்களுக்கு ஒரு கடல். இதற்கு விளக்கப் பலகை தேவைப்பட்டதா? வெறுங்காலோடு வெளியே வந்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு ஸ்லொவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டேகர் ஆஸ்பின்வால் வெளியில் மண்ணாலும் சாணத்தாலும் ஒரு பிரமிடு கட்டியிருந்தார். உள்ளே கும்மிருட்டான குறுகிய வழி. நாடு கடத்தப்பட்ட கவிஞர்களின் வரிகள் குரலாகக் கேட்கும். அடைபட்ட இடத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை: இப்படி இருட்டு வாசலைக் கண்டால், உள்ளே எவ்வளவு தூரம், வெளியேறும் வழி எங்கே என்று காவலுக்கு நிற்பவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். சொல்வார்கள்.

விளக்கப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் கண் பலகை சொன்னதை மட்டும் தேடும். அந்தப் பலகைகளின் மொழி பல சமயம் படைப்பைவிடக் கடினமாக இருப்பதும் உண்டு. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. அறையில் நிற்கும் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பெரும்பாலும் கலை மாணவர்கள் அல்லது உள்ளூர்ப் பிள்ளைகள். ‘இதை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். கலைஞரின் கருத்தைக் கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு நல்ல கதைகள் கிடைக்கும். தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் பதில் வரும், இரு தரப்புக்கும் புரியும்.

வீடியோப் படைப்புகள் தனி வகை. வாசலில் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். பத்து நிமிடத்துக்குள் என்றால் முழுதாகப் பாருங்கள். ஒரு மணி நேரம் என்றால் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்து, கால் ஓய்ந்த பிற்பகலுக்கு ஒதுக்கிவையுங்கள்.

தொடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய கட்டடத்தில் அதோடு சேர்த்து, சுவரில் சாய்வதும் கூடாது. காரை உதிரும், சட்டையும் வெள்ளையாகும். படம் எடுக்க அனுமதி இருக்கும் இடத்திலும் ஃபிளாஷ் வேண்டாம்.

கால், வயிறு, குழந்தைகள்

எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு, தண்ணீர், தொப்பி. மாலையில் நிற்பதாக இருந்தால் கொசுத் தைலம். கொச்சிக் கொசுவைப் பற்றி ஊர்க்காரர்களே நகைச்சுவை சொல்வார்கள். பெரிய பையைச் சுமக்காதீர்கள்.

முதியவர்களோடு போகிறவர்கள் மாடிகளை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். மரப்படிகள் செங்குத்தானவை, வாசற்படிகள் உயரமானவை, தரை மேடும் பள்ளமும். கீழ்த்தளக் கிடங்குகள் மட்டுமே ஒரு நாளுக்குப் போதும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக. ‘புரிகிறதா’ என்று அவர்கள் கவலைப்படுவதில்லை. குழந்தைகளுக்கான கலைப் பட்டறைகளும் நடக்கும். அன்றைய நிகழ்ச்சிப் பட்டியலை டிக்கெட் இடத்தில் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு மட்டாஞ்சேரியில் காயீஸ் பிரியாணி பிரசித்தம். மதியம் தாமதித்தால் தீர்ந்துவிடும். சைவர்களுக்கு அதே வட்டாரத்தில் குஜராத்தித் தெரு இருக்கிறது. தலைமுறைகளாக அங்கே வணிகம் செய்யும் குஜராத்திகளின் இனிப்புக் கடையும் சாப்பாடும் கிடைக்கும்.

‘நூறு ரூபாய்க்கு எல்லா இடமும் காட்டுகிறேன்’ என்கிற ஆட்டோக்களில் சில வழியில் மசாலாக் கடை, துணிக் கடை என்று நிறுத்தும். கடைக்காரர் கொடுக்கும் கமிஷன்தான் மிச்சக் கட்டணம். அவசரமில்லை என்றால் அதுவும் ஒரு வேடிக்கை. அவசரம் என்றால் போக வேண்டிய இடத்தை மட்டும் சொல்லி விலை பேசுங்கள்.

மட்டாஞ்சேரி நாள்

ஆஸ்பின்வாலிலிருந்து பஜார் ரோடு வழியாக யூதத் தெருவுக்கு இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். காலையில் நடங்கள். அரிசி மண்டியும் சுக்கு மூட்டையும் ஏற்றுமதிக் கிடங்கும் இன்னும் இயங்குகிற தெரு இது. பினாலே இடங்கள் இவற்றுக்கு நடுவே ஒளிந்திருக்கும். லாரிக்கு வழி விடுங்கள், சுமை தூக்குகிறவரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் போர்த்துகீசியர், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில். டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், பெயரைக் கொண்டுபோனார்கள். மன்னரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுவதும் ஓடுகிறது: இடைவெளியே இல்லாமல், உருவத்தின் மேல் உருவமாக, காவியும் பச்சையும் மஞ்சளுமாக. பினாலேயில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். கோயில் சுவரில் இருக்க வேண்டிய கதை படுக்கையறையில் ஏன்? கீழ்த்தளத்து அறைகளில் கோபியரோடு கண்ணன், மோகினியைப் பார்க்கும் சிவன். அந்த அறைகள் யாருடையவை என்று விசாரித்தால் விடை கொஞ்சம் புலப்படும்.

பக்கத்திலேயே 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம். தரையில் சீனாவிலிருந்து வந்த கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள். தலைக்கு மேலுள்ள விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஓடுகளை மிதித்துப் போகிறவர்களே அதிகம்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபிக்கானா என்ற சலவைக் கூடத்துக்குப் போகலாம். அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். டச்சுப் படையினரின் உடுப்பு வெளுக்கத் தங்கள் முன்னோர் வரவழைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். கண்காட்சி பார்த்துவிட்டு வந்த அதே கண்ணோடு அங்கே நுழைந்து, வேலை செய்கிறவர்களைப் படைப்பாக்கிவிட வேண்டாம். வணக்கம் சொல்லிப் பேசுங்கள். தமிழ் கேட்டதும் முகம் மாறும்.

பினாலே இல்லாத ஆண்டில்

கதவுகள் எல்லாம் மூடிவிடுவதில்லை. டேவிட் ஹாலில் அவ்வப்போது கண்காட்சி நடக்கும். பெப்பர் ஹவுஸ் முற்றத்தில் தேநீர் குடிக்கலாம். பர்கர் தெருவில் உள்ள காசி கலைக் காபிக் கடை, பினாலே வருவதற்கு வெகு முன்பே, 1990-களில் பழைய வீடொன்றை ஓவியக் கூடமாக்கியது. அரண்மனைச் சுவர்கள் எந்த ஆண்டிலும் இருக்கின்றன, வெள்ளி தவிர.

எர்ணாகுளத்தில் தர்பார் ஹாலையும் மறக்க வேண்டாம். கொச்சி மன்னர்கள் 1850-களில் கட்டிய கொலு மண்டபம். இப்போது கேரள லலிதகலா அகாதெமியின் காட்சிக்கூடம், பினாலேவுக்கும் இடம் தந்திருக்கிறது. ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம். இரவு ரயிலுக்கு மாலையில் நேரம் மிச்சமிருந்தால், பெட்டியை நிலையத்தின் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு அங்கே போய்வரலாம்.